இருண்டதெல்லாம் பேயாகத் தெரிய வேண்டுமென்றால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் பிறந்துவிட்டால், மாதக் கடைசியில் வரும் மேலைநாட்டுப் பேய்த் திருநாளான ஹாலோவீன் இரவுக்கான திகில் படப் பட்டியல்களும் புதிதாக வரப்போகும் பேய்ப்படங்களின் அறிவிப்புகளும் பத்திரிகைகளின் சினிமா பக்கங்களை நிறைத்துவிடுகின்றன. தங்கள் இதழும் விலக்கல்ல. படத் தேர்வில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் பெயர், நடிகர், இரண்டு வரிக் கதை, எந்த ஓடிடி என்பதோடு குறிப்பு முடிந்துவிடுகிறது. எந்த ஆண்டுப் படம், எந்தப் பதிப்பு, எவ்வளவு நேரம், எந்த மாதிரி அறையில் பார்த்தால் பலிக்கும் என்ற தகவல் இல்லை. காதல் படத்துக்கு இதெல்லாம் இல்லாமலும் ஒப்பேற்றிவிடலாம். திகில் படத்தின் கைமுதலே இருட்டும் நிசப்தமும்தான். வீட்டு டிவி முதலில் கைவைப்பதும் அவற்றில்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இருண்டதெல்லாம் சாம்பல் நிறக் கட்டங்களாகத் தெரிந்தால் யார் அரளப்போகிறார்கள்?

முதலில் ஆண்டு. 'ஹாலோவீன்' என்று மட்டும் அச்சிட்டால் வாசகர் எதைத் தேடுவார்? 1978-இல் ஜான் கார்பென்டர் எடுத்த மூலப் படம் இருக்கிறது. 2007-இல் ராப் ஜாம்பி அதை மறுஆக்கம் செய்தார். 2018-இல் அதே பெயரில் இன்னொன்று வந்தது. அது 1978 கதைக்கு நேரடித் தொடர்ச்சி, இடையில் வந்த பாகங்களை நடக்காதவையாகவே வைத்துக்கொள்கிறது. ஆகவே 2018 படத்துக்கு முன் 91 நிமிட மூலத்தை மட்டும் பார்த்தால் போதும், மற்றவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1982-இல் வந்த மூன்றாம் பாகத்தின் கதையில் முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸே கிடையாது; அவனை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் ஏமாந்துதான் எழுந்திருக்க வேண்டும். 'நாஸ்ஃபெராட்டு'வும் 1922, 1979, 2024 என மூன்று. 'சஸ்பீரியா' 1977, 2018 என இரண்டு, அதுவும் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு.

ஆண்டு சரியாக இருந்தாலும் பிரிண்ட் தவறாக இருந்தால் படம் போய்விடும். இதற்கு 1922 'நாஸ்ஃபெராட்டு'வைவிட நல்ல உதாரணம் இல்லை. எஃப்.டபிள்யூ. முர்னாவின் இந்த மௌனப் படத்தில் இரவுக் காட்சிகளையும் பகல் வெளிச்சத்தில்தான் எடுத்தார்கள். பிறகு பிரிண்டில் சாயம் ஏற்றினார்கள்: இரவுக்கு நீலம், வீட்டுக்குள் மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல பிரதிகளில் இந்தச் சாயம் இல்லை, வெறும் கறுப்பு வெள்ளைதான். விளைவு? சூரிய வெளிச்சம் பட்டால் அழிந்துபோகிற இரத்தக்காட்டேரி, பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கிறது. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், பழி நூறு வருஷத்துக்கு முந்தைய இயக்குநர் மேல் விழுகிறது. மௌனப் படங்களில் வேகமும் கவனிக்க வேண்டியது. நொடிக்கு ஏறத்தாழ 18 ஃபிரேம் வேகத்தில் ஓட வேண்டியதை 24-இல் ஓட்டினால் எல்லாரும் கோமாளிகளைப் போல விறுவிறுவென்று நடப்பார்கள். சாயத்தோடு மீட்டெடுக்கப்பட்ட, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் பதிப்பைத்தான் தேட வேண்டும். ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிகிற பிரதி வெட்டப்பட்டது, அல்லது வேகம் கூட்டப்பட்டது. ('டிராகுலா' நாவலை அனுமதியில்லாமல் தழுவியதற்காக நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கரின் மனைவி தொடுத்த வழக்கில் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி நீதிமன்றமே உத்தரவிட்டது. அதற்கும் தப்பிய படம் இது. அரைகுறைப் பிரதியால் சாக வேண்டாம்.)

ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்கும் இதே தலைவிதி. 1968-இல் வெளியிடும்போது விநியோகஸ்தர் தலைப்பை மாற்றினார். பழைய தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமை அறிவிப்பு புதிய அட்டையில் விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதோடு காப்புரிமையும் போயிற்று. யார் வேண்டுமானாலும் பிரதியெடுத்து விற்கலாம் என்றானதால், நகலின் நகலாக வெளிறிப்போன பிரதிகள் பெருகின. வண்ணம் பூசியவையும் உண்டு. மூல நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் மீட்டெடுத்த பதிப்பு இப்போது இருக்கிறது. அதையும் சாதாரணப் பிரதியையும் அடுத்தடுத்து ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்தால் வேறு வேறு படங்கள் என்றே தோன்றும்.

பதிப்பு விஷயத்தில் இன்னும் இரண்டு. 'தி ஷைனிங்' (1980) அமெரிக்காவில் 144 நிமிடம். ஐரோப்பாவுக்காக இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கே குறைத்தது 119 நிமிடம். முதல் தடவை பார்ப்பவருக்கு நீளமானதுதான் நல்லது. கதையில் வரும் குடும்பம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தானே அது சிதைவது பயமாக இருக்கும்? 'தி எக்சார்சிஸ்ட்' (1973) படத்தில் நேர்மாறு. 2000-இல் வந்த 132 நிமிடப் பதிப்பில் பேய் முகங்களைக் கூடுதலாகச் செருகிப் பயத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். முதல் தடவைக்குப் பழைய 122 நிமிடப் பதிப்பே போதும். ஓடிடியில் போஸ்டரை வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது, நிமிடக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் பட்டியலில் நீளம் அச்சாக வேண்டும் என்கிறேன்.

அடுத்தது திரையின் வடிவம். 'ஹாலோவீன்' (1978) உயரத்தைப்போல் இரண்டே கால் மடங்குக்கும் அதிகமான அகலம் கொண்ட படம். கொலைகாரன் நிற்பது பெரும்பாலும் ஓரத்தில், பாதி இருட்டில். மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று ரிமோட்டில் 'ஜூம்' அழுத்தினால் அவனையே வெட்டியெறிந்துவிடுவோம். ஜாக் கிளேட்டனின் 'தி இன்னசென்ட்ஸ்' (1961) இன்னும் நுட்பமானது. இயக்குநருக்கு அத்தனை அகலம் வேண்டாம். ஸ்டூடியோ விடவில்லை. ஆகவே ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் கேமரா ஃபில்டர்களின் ஓரங்களில் கையால் வண்ணம் பூசி, சட்டத்தின் இரு பக்கங்களையும் இருளச் செய்தார். அந்த ஓர இருட்டில் ஏதோ இருக்கிறது என்கிற நினைப்புதான் படத்தின் பாதி. ஜூம் செய்தால் ஓரம் போகும், ஓரம் போனால் பயமும் போகும். இந்தப் படம் கறுப்புத் திரையோடும் ஒரு சிறுமியின் பாட்டோடும் தொடங்கும். ஸ்டூடியோவின் முத்திரை வருவதே பிறகுதான். டிவி கெட்டுவிட்டது என்று கேபிளை ஆட்டத் தொடங்க வேண்டாம்.

பழைய சதுர வடிவப் படங்களுக்கு இரு பக்கமும் பட்டை வரும், அதையும் இழுத்து நிரப்பக் கூடாது. 1992 அக்டோபர் 31 அன்று பிபிசி ஒளிபரப்பிய 'கோஸ்ட்வாட்ச்' நேரலை நிகழ்ச்சி போலவே எடுக்கப்பட்ட 91 நிமிட நாடகம். பேய் பின்னணியில் சில நொடிகள் மட்டும் நின்று மறையும், யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அது மறுபடி ஒளிபரப்பாகவே இல்லை. ஹாலோவீன் இரவுக்கென்றே எழுதப்பட்ட இது பட்டியல்களில் அரிதாகத்தான் தலைகாட்டுகிறது.

இனி டிவி. கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த 'விவிட்' அமைப்பிலேயே பல டிவிகள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. அடுத்து மோஷன் ஸ்மூத்திங். படம் நொடிக்கு 24 ஃபிரேம். டிவி நடுவில் தானே ஃபிரேம்களைக் கற்பனை செய்து செருகி, எல்லாவற்றையும் மெகா சீரியல் போல வழவழப்பாக்கிவிடும். ஒப்பனை ஒப்பனையாகத் தெரியும், ரப்பர் கை ரப்பராகவே தெரியும். சோனியில் 'மோஷன்ஃப்ளோ', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி' என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். அணைத்துவிட வேண்டும். நாய்ஸ் ரிடக்‌ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட், அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானே மாறும் ஈகோ சென்சார் ஆகியவையும் அப்படியே. கடைசியாகச் சொன்னது மோசமான திருடன். விளக்கை அணைத்ததும் அது படத்தையும் சேர்த்து மங்கலாக்கும்.

கறுப்பின் அளவைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். மேலும் கீழும் பட்டை வருகிற அகலத்திரைப் படம் ஒன்றில் இருட்டான காட்சியை நிறுத்தி வையுங்கள். அறை விளக்கு அணைந்திருக்கட்டும். 'பிரைட்னஸ்' அளவை ஏற்றினால் பட்டைகள் சாம்பல் நிறமாகும். பிறகு ஒவ்வொரு புள்ளியாக இறக்கி, அவை மறுபடி கறுப்பாகிற அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்குக் கீழே போனால் கறுப்புக் கோட்டின் மடிப்பும் தலைமுடியும் சேர்ந்து மை கொட்டினாற்போல் ஆகிவிடும். சோனியின் புதிய டிவிகளில் இந்த வேலைக்கு 'பிளாக் லெவல்' என்று பெயர். அங்கே 'பிரைட்னஸ்' என்பது பின்விளக்கு. டிஸ்க் பிளேயரோ வெளிப் பெட்டியோ எச்டிஎம்ஐ வழியாக இணைந்திருந்தால் கறுப்பு முதல் வெள்ளை வரையான வீச்சைக் குறிக்கும் 'லிமிடெட், ஃபுல்' என்ற அமைப்பு இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி லிமிடெட் அனுப்பி டிவி ஃபுல் எதிர்பார்த்தால் கறுப்பு வெளிறும். நேர்மாறாக இருந்தால் நிழலுக்குள் இருப்பது எல்லாம் மறைந்துபோகும். 'படம் ரொம்ப இருட்டு' என்கிற புகாரில் இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் எச்டிஆர், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான வீச்சை அதிகமாகக் காட்டும் பட வடிவம். அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு வெளிச்சம் என்பது இருட்டறையை மனதில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. விளக்கெரியும் அறையில் அதே படம் சாதாரணப் பதிப்பைவிட மங்கலாகத் தெரியலாம். அறையை இருட்டாக்க வழியில்லை என்றால் எச்டிஆரை விட்டுச் சாதாரணப் பதிப்பைப் பார்ப்பதில் வெட்கமில்லை. புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது, வெளிச்சம் விழாத திரைதான் அதன் கறுப்பு. ஒரு சின்ன விளக்கு எரிந்தாலும் பேய் சாம்பல் பூசிக்கொண்டுதான் வரும்.

இருட்டில் கட்டம் கட்டமாகத் தெரிவதற்கு டிவி காரணமில்லை. தரவைச் சுருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது என்று இருட்டுப் பகுதிகளில்தான் முதலில் கஞ்சத்தனம் காட்டுவார்கள். புளூ-ரே டிஸ்க்கில் படத்துக்கு நொடிக்கு 40 மெகாபிட் வரை போகலாம். ஓடிடியில் 1080பி படத்துக்கு 5 மெகாபிட் அளவில்தான் வரும். கியோஷி குரோசாவாவின் 'கைரோ' (2001) போல, அறை மூலையின் மங்கலில் ஓர் உருவம் மெல்லத் திரள்கிற படத்தை இதில் பார்த்தால் உருவத்துக்குப் பதில் கட்டங்கள்தான் நகரும். டிஸ்க் கிடைத்தால் டிஸ்க்கே மேல். இல்லையென்றால் டிவியைக் கம்பி வழி இணையத்தில் இணையுங்கள். படத்தை ஓடவிட்டு ஓரிரு நிமிடம் கழித்துத் தரம் ஏறியதும் ஆரம்பத்துக்குத் திரும்புங்கள். ஓடிடி முதல் நிமிடத்தில் கொடுப்பது பெரும்பாலும் அதன் நல்ல தரம் கிடையாது.

ஒலியில் நடக்கும் தவறு எல்லா வீட்டிலும் ஒன்றே. வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுவார்கள், திடீர் அலறலில் அதிர்ந்து குறைப்பார்கள், மறுபடி கூட்டுவார்கள். இரண்டு மணி நேரமும் ரிமோட்தான் நடிக்கும். வெறுத்துப்போய் 'நைட் மோட்', 'ஆட்டோ வால்யூம்' என்று எதையாவது போட்டால் கிசுகிசுப்பும் அலறலும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். நிசப்தம் இருந்தால்தான் சத்தத்துக்கு மதிப்பு. முதல் பத்து நிமிடத்தில் சாதாரணமாக இருவர் பேசும் காட்சி ஒன்று வரும். அதற்கு ஒலியை அமைத்துவிட்டு ரிமோட்டை எட்டாத தூரத்தில் வையுங்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கர்தான் என்றால் ஆறு ஸ்பீக்கர்களுக்கெனப் பிரித்த 5.1 ஒலித்தடத்துக்குப் பதில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். வசனம் நடு சேனலில் மாட்டிக்கொண்டு சன்னமாவது இதில் குறையும். நடு ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார் என்றால் அதை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்தினால் போதும்.

டிவியின் சின்ன ஸ்பீக்கரால் அடியொலியைத் தர முடியாது. 2007-இல் எடுத்து 2009-இல் பரவலாக வெளியான 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யில் பேய் வருவதற்கு முன் ஒரு தாழ்ந்த முனகல் எழும். உடம்புதான் முதலில் அதை உணரும். வூஃபர் இல்லாத டிவியில் அது இல்லவே இல்லை. தூங்குகிற இருவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் மிச்சம். வூஃபர் இல்லாதவர்களுக்குக் காதை மூடுகிற ஹெட்ஃபோன் நல்ல மாற்று. ஃபேன், ஏசி இரைச்சலையும் அது தடுக்கும். சத்தம் போட்டால் சாவு என்கிற கதையான 'எ கொயட் பிளேஸ்' (2018) படத்தை ஓடுகிற ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பார்ப்பது வீண்.

பிறமொழிப் படம் என்றால் டப்பிங்கைவிட சப்டைட்டிலையே சிபாரிசு செய்வேன். திகில் படத்தில் நடிகரின் மூச்சும் தொண்டை அடைப்பும் வசனத்தைவிட முக்கியம், டப்பிங்கில் போவது அவைதான். ஆனால் இருட்டறையில் பளீர் வெள்ளை எழுத்து கண்ணைக் கூசவைக்கும்; அமைப்பில் எழுத்தைச் சாம்பல் நிறமாக்கி அளவையும் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். படம் தொடங்கும்போது விளக்கை அணைத்தால் முதல் பகுதி வீண். பத்து நிமிடம் முன்னதாகவே அணையுங்கள். நடுவில் ஒரு முறை போனைப் பார்த்தால் பழகியதில் பெரும்பகுதி போய்விடும். 55 அங்குல டிவிக்குச் சுமார் இரண்டேகால் மீட்டர் தூரம் சரி. 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' (1999) விதிவிலக்கு. கையில் பிடித்த கேமரா 81 நிமிடமும் ஆடும், பலருக்குக் குமட்டும். இன்னும் தள்ளி உட்கார்ந்து, டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கை எரியவிடுங்கள்.

அறையை இருட்டாக்கவே முடியாதவர்களுக்குப் பகல் வெளிச்சத்திலேயே நடக்கும் திகில் இருக்கிறது. ஆரி ஆஸ்டரின் 'மிட்சோமர்' (2019) பெரும்பாலும் சூரியன் மறையாத கோடையில் நடக்கிறது. திரையரங்கப் பதிப்பு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். பட்டியலில் 'விளக்கு எரிந்தாலும் பரவாயில்லை' என்று ஒரு குறிப்பு போட்டால் எத்தனை பேருக்கு உதவும்!

ஒரே இரவில் மூன்று படம் பார்ப்பவர்கள் வரிசையில் தவறுகிறார்கள். பலமானதை முதலில் போட்டால் உடம்பு திடுக்கிடுவதற்குப் பழகிவிடும், அதன்பின் மெல்லிய படம் எடுபடாது. 7 மணிக்கு 'தி இன்னசென்ட்ஸ்' (100 நிமிடம்), 9 மணிக்கு 'ஹாலோவீன்' (91 நிமிடம்), 10.50-க்கு 'வாட் வீ டூ இன் தி ஷேடோஸ்' (2014, 86 நிமிடம்) என்று வைத்தால் நள்ளிரவு தாண்டிக் கால் மணியில் சிரித்துக்கொண்டே தூங்கப் போகலாம். கண் சோர்ந்த பிறகு பார்க்கத்தக்கது நகைச்சுவைதான்.

வரவிருக்கும் படங்கள் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வெளியீட்டுத் தேதி மாறிக்கொண்டே இருக்கும், 'எதிர்பார்க்கப்படுகிறது' என்று போடுவதே நேர்மை. நல்ல திகில் படம் அக்டோபரில்தான் வரும் என்றும் இல்லை: 'ஏலியன்' 1979 மே மாதம், 'தி கான்ஜூரிங்' 2013 ஜூலை, 'கெட் அவுட்' 2017 பிப்ரவரி, 'தி எக்சார்சிஸ்ட்' கிறிஸ்துமஸுக்கு மறுநாள். புதுப் படத்துக்கு டீசரோடு நிறுத்திக்கொள்வது நலம். முழு ட்ரெய்லர்கள் நல்ல அதிர்ச்சிகளை இலவசமாகக் கொடுத்துத் தீர்த்துவிடுகின்றன. திரையரங்கில் திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடு இருக்கை ஒலிக்கு ஏற்றது. தொடர்ச்சிப் படம் என்றால் முன்னால் எந்தப் பாகத்தைப் பார்த்தாக வேண்டும் என்ற ஒரு வரி, கதைச் சுருக்கத்தைவிடப் பயன்படும்.

குழந்தைகளுக்கான பரிந்துரையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பழைய அமெரிக்கப் படங்களின் 'பிஜி' (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்) சான்றிதழை இன்றைய 'பிஜி' என்று நினைத்துவிடக் கூடாது. 'பிஜி-13' என்ற படியே 1984 ஜூலையில்தான் வந்தது, அதற்கு முன் இன்று 'பிஜி-13' பெறக்கூடிய பல படங்களும் 'பிஜி' என்ற அதே கூடையில் கிடந்தன. 'ஜாஸ்' (1975) பிஜி. ஒருவன் கண்ணாடி முன் நின்று தன் முகத்தைப் பிய்த்தெடுக்கிற காட்சி உள்ள 'போல்டர்கைஸ்ட்' (1982) படமும் பிஜி. சின்னவர்களுக்கு 76 நிமிடமே ஓடும் 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' (1993), சற்றுப் பெரியவர்களுக்கு 'கோரலைன்' (2009) சரியாக இருக்கும். கண்ணுக்குப் பதில் பொத்தான் தைத்த அம்மா வருகிற 'கோரலைன்' பொம்மைப் படம்தானே என்று ஐந்து வயதுக் குழந்தையைத் தனியே உட்காரவைத்துவிட்டுப் போகிற படம் இல்லை. அதையும் பட்டியலிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சினிமா பக்கத்தின் வாசகர்